ஐந்து பித்தளைப் புள்ளிகள்

சிக்னலில் முட்டை லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் போதும். இறகும் தீவனமும் கலந்த நெடிக்கு மேலே, டயரிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும் மருந்துத் தண்ணீரின் வாசனை எழும். ஊசிபோல மூக்கில் ஏறி, கண்ணுக்குப் பின்னால் எங்கோ குத்தி நிற்கும். பச்சை விளக்கு விழுந்த பிறகும் வண்டியை நகர்த்தாமல் நின்றிருக்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். அந்த வாசனை என் மேசைக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை நான் அதைக் கிண்டல் செய்தேன்.

கம்ப்யூட்டர் கடையில் நான் இருபது வருஷம் நின்ற மேசைக்குப் பின்னால் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். எப்படி விற்பது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். விற்பது உங்களுக்கே வரும். அது கெட்ட பழக்கம் மாதிரி, தானாக ஒட்டிக்கொள்ளும். நான் எழுதுவது வேறு. விலை மலிந்த ஒரு பொருளின் நல்லதையும் கெட்டதையும் பிசகில்லாமல் சொன்ன ஒருவன், ஒருத்தியின் வேலையை எப்படித் தின்றான் என்பதை எழுதுகிறேன்.

பூங்கொடி கடைக்கு வந்தது ஒரு ஆடி மாதத்து முற்பகல். அவளுக்கு ஊர் நாமகிரிப்பேட்டைப் பக்கம். முப்பது வயதுக்குள். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நாலு வருஷம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியவள். பண்ணையின் தினக்குறிப்பு நோட்டை அவள் எழுதிய அழகைப் பார்த்து, தீவனக் கம்பெனியின் கோழி டாக்டர் ஒருவர் அவளைக் கம்பெனிக்கு எடுத்திருந்தார். ஆறு பண்ணைகள். நாளுக்கு மூன்றாக மாற்றி மாற்றிப் போய், எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம், எத்தனை கோழி செத்தது என்று சாயங்காலத்துக்குள் சீட்டு அனுப்ப வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம். சீட்டு சரியாக வந்தால் நிரந்தரம். கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும்.

"ஏனுங்கண்ணா, இந்தக் கழட்டி மாட்டறது இருக்குதுங்களே, அது வாங்கலாமுங்களா? என்னால ஒண்ணுதான் வாங்க முடியும். தப்பாப் போச்சுன்னா இன்னொண்ணு முடியாதுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களும் தினமும் கேட்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது உயிர். நமக்கு அது ஒரு வாக்கியம்.

நான் அதை அவள் முன் வைத்துப் பிரித்துக் காட்டினேன். திரையைப் பிடித்து இழுத்தால் டேப்லெட். கீபோர்டின் மேல் வைத்தால் கிளிக்கென்று காந்தம் பிடித்து லேப்டாப். இரண்டும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் ஐந்து பித்தளைப் புள்ளிகள், மூக்குத்திகளை வரிசையாக வைத்ததுபோல. அழகான பொருள். அழகைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நல்லதைச் சொன்னேன். எடை குறைவு, வண்டிப் பைக்குள் கிடக்கும். போன் சார்ஜரிலேயே ஏறும். கொட்டகைக்குள் திரையை மட்டும் கழற்றிக்கொண்டு போய்ப் படம் எடுக்கலாம். கெட்டதையும் மறைக்காமல் சொன்னேன். வேகம் கிடையாது. நாலு ஜன்னல் திறந்தால் மூச்சு வாங்கும். இடம் சீக்கிரம் நிரம்பும். மடியில் வைத்து அடித்தால் பின்னால் சாயும், மேசை வேண்டும். கீபோர்டுதான் இதில் நோஞ்சான் பிள்ளை, முதலில் படுத்தால் அதுதான் படுக்கும்.

"கீபோர்டு எனக்கு முக்கியமுங்க. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கறேன். பாக்காம அடிப்பேன். கண்ணு நோட்டுல இருந்தா கை பாட்டுக்குப் போகும்" என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். அவளிடம் இருந்த ஒரே பெருமை அது என்று நினைக்கிறேன்.

"அப்ப இது உங்களுக்குன்னே செஞ்சதும்மா" என்றேன்.

தராசின் இரண்டு தட்டும் நேராக நின்றன. நேராக நிற்கும் தராசைப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். நேர்மையாக இருந்துவிட்டோம் என்ற குளிர்ச்சி. அதை நம்பாதீர்கள். பொருளைப் பற்றி எல்லாம் சொன்னேன். அது போகப்போகும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் எனக்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டி வைத்திருந்தவர் ஒருவருக்கு லேப்டாப் விற்றேன். மூன்றே மாதத்தில் நின்றுபோய் வந்தது. சர்வீஸ் மேசையில் இருந்த அக்கா பின்மூடியைத் திறந்ததும் மின்விசிறி மிளகாய்த் தூளைக் கிளப்ப, கடையே தும்மியது. கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர் தும்மிக்கொண்டே வெளியே ஓடினார். அக்கா மட்டும் கண்ணில் நீர் வழிய என்னைப் பார்த்து, "எங்க போவுதுன்னு கேட்டு வித்திருந்தா இது வந்திருக்குமா?" என்றார். தம்மம்பட்டிக்காரர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். அந்தத் தும்மலை நான் பத்து வருஷம் டீக்கடையில் கதையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பாகிப் போன பாடம் பாடமாக இருப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பூங்கொடி மறுபடி வந்தாள். கீபோர்டு அப்பப்போ விட்டுவிட்டு வேலை செய்கிறது என்றாள். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோதுதான் அந்த வாசனை முதல் முறை எழுந்தது.

"என்னம்மா, கோழியையே உள்ள வெச்சுக் கொண்டாந்த மாதிரி இருக்குது" என்றேன்.

அவள் வெட்கப்பட்டுப் பையைத் தரைக்கு இறக்கினாள். "எங்க பொழப்பே அந்த வாடைதானுங்கண்ணா."

அக்கா அன்று விடுப்பு. நானே மாட்டிப் பார்த்தேன். பத்து வரி அடித்தேன். ஒன்றும் விடவில்லை. "மடியில வெச்சு அடிச்சீங்களா?" என்று கேட்டேன். எப்போதாவது ஒருமுறை என்று ஒப்புக்கொண்டாள். அதற்காகவே காத்திருந்தவன்போல், "அதுதான். மொதல்லயே சொன்னேன்ல" என்றேன். சர்வீஸ் சீட்டில் இப்படி எழுதினேன்: பரிசோதித்ததில் குறை இல்லை, பயன்படுத்தும் முறையால் வந்தது.

அப்போது என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். கீபோர்டு படுக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். கீபோர்டு படுத்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது என் ஜோசியம் பலித்தது மட்டும். பழுது தெரியவில்லை. வாசனை மூக்கில் ஏறி, இங்கே பார் என்று தட்டியும் தெரியவில்லை. சரியாகச் சொல்லிவிட்டவனைப் போல ஒரு குருடன் உலகத்தில் இல்லை.

பிறகு அது நடந்தது. நடந்ததைப் பிற்பாடு அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, ஒரு பண்ணையில் அன்று செத்தவை நாற்பத்து மூன்று. வழக்கமாக மூன்றோ நாலோதான் சாகும். நோட்டில் நாற்பத்து மூன்று என்று எழுதினாள். பண்ணையின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, கண் நோட்டில், கை கீபோர்டுப் பலகையில், சீட்டை அடித்து அனுப்பினாள். நாலு என்ற இலக்கத்தைப் பலகை விழுங்கிவிட்டது. போய்ச் சேர்ந்தது வெறும் மூன்று.

சாயங்காலம் டாக்டரிடமிருந்து போன் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டுதான் பேச வேண்டும். அனுப்பியவர் மேலே பேசக்கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டரே கூப்பிடுவார். தற்காலிக வேலையில் இருப்பவள், அதுவும் நேற்றுவரை முட்டை பொறுக்கியவள், டாக்டரைக் கூப்பிட்டு "பாத்தீங்களா" என்று கேட்டால் அதற்குப் பெயர் அதிகப்பிரசங்கித்தனம்.

மறுநாள் அவளுக்கு வேறு மூன்று பண்ணைகள். பண்ணைக்காரர் போன் செய்து, "டாக்டரு என்ன சாமி சொன்னாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"சீட்டு போயிருச்சுங்க. பாத்திருப்பாருங்க. ஒண்ணும் சொல்லலீன்னா பயப்பட ஒண்ணுமில்லீங்க" என்று இவள் தைரியம் சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை காலையில் அங்கே போனபோது, கொட்டகை வாசலில் நானூறுக்கு மேல் குவித்துவைத்திருந்தார்கள்.

டாக்டர் திங்கட்கிழமைச் சீட்டை எடுத்துக் காட்டினார். மூன்று. அவள் நோட்டைக் காட்டினாள். நாற்பத்து மூன்று. நோட்டில் பிறகு எழுதியிருக்கலாமே என்றார்கள். செத்ததை மறைத்தவள் என்று அந்த வேலையில் ஒருமுறை பேர் விழுந்தால், திருடி என்று பேர் வாங்குவதைவிடக் கேவலம். வருகிற திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். வாசனை இரண்டாம் முறையாக எழுந்தது. இந்த முறை அக்கா இருந்தார். மோந்தார். என்னைப் பார்த்தார். கீபோர்டைக் கழற்றி, பூதக்கண்ணாடியை விளிம்பில் பிடித்தார். ஐந்து புள்ளிகளில் மூன்றில் பச்சை பூத்திருந்தது, கோயில் குத்துவிளக்கைக் கழுவாமல் விட்டதுபோல.

"இது மேல என்னம்மா படுது?"

"மருந்துங்கக்கா. பண்ணைக்குள்ள சீக்கு வந்துடக் கூடாதுன்னு கேட்டுலயே அடிப்பாங்க. ஆளு, வண்டி, செருப்பு, பையி, உள்ள போற எல்லாத்துக்கும். பையத் தொறந்து காட்டச் சொல்லி உள்ளயும் ஒரு அடி. நான் துணியில தொடச்சிருவனுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை கேட்டு?"

"மூணுங்க."

அக்கா கீபோர்டைத் திரும்ப எடுத்தார். மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு நாலு, மூன்று என்று அடித்தார். திரையில் மூன்று மட்டும் வந்தது. சற்று ஓய்ந்துவிட்டு அடிக்கும்போது முதல் எழுத்தை அது தின்றது. இரண்டு மாதம் முன்பு நானும் அடித்துப் பார்த்தேன், நிறுத்தாமல் பத்து வரி. ஓய்ந்து அடிக்கவில்லை. பண்ணையில் அடிப்பவள் நோட்டைப் புரட்டி, யோசித்து, கோழிகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு அடிப்பாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பூங்கொடி அந்த மூன்றைப் பார்த்தாள். அழவில்லை. உயிர் திரும்பி வந்தவள்போல மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, இதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கடை சீல் போட்டு. இந்தப் பலகை எழுத்தை முழுங்குதுன்னு. அது போதுமுங்க. நான் மறைக்கலீன்னு தெரிஞ்சாப் போதும்."

"நான் எழுதித் தாரேன்" என்று அக்கா பேனாவை எடுத்தார்.

நான் தடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக வேகமான காரியம் அதுதான். "அவசரப்படாதீங்கக்கா. முதலாளியக் கேட்டுட்டு முறையாக் குடுத்துடலாம்." அவள் பக்கம் திரும்பி, "நாளைக்கே போன் பண்றேம்மா. கவலைப்படாமப் போங்க" என்றேன்.

அவள் நம்பினாள். எனக்கு நன்றிகூடச் சொன்னாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். "ரெண்டு மாசம் முன்னாடி குறை இல்லைன்னு நம்ம சீட்டுலயே எழுதியிருக்கறீங்க. இப்ப இருக்குதுன்னு எழுதினா, நாளைக்குப் பண்ணைக்காரர் நானூறு கோழியக் கொண்டாந்து நம்ம வாசல்ல போடுவாரு. நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார்.

யோசித்துப் பார். இதைவிட ஆபத்தான ஒன்றை என்னிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. யோசிக்க எனக்கு நன்றாக வரும். சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். எழுதினால் இது, எழுதாவிட்டால் அது. ஒரு தட்டில் இருபது வருஷம், என் மகளின் கல்லூரி, கடையின் பேர். மறு தட்டில் ஒரு தற்காலிக வேலை. இன்னொரு வேலை கிடைக்காதா அவளுக்கு என்று ஒரு சின்னப் படிக்கல்லை நானே எடுத்து என் தட்டில் போட்டேன். சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. பதில் தெரிந்த பிறகு பேசுவோம் என்று எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நாற்பத்து மூன்று செத்தபோதே டாக்டரைக் கூப்பிடாதவள்.

கடையை மூடும்போது அக்கா சொன்னார்: "நீங்க தராசத் தொடைக்கிறதுக்குள்ள தக்காளி அழுவிப் போயிடும்."

ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை கடையில் நல்ல கூட்டம். கூட்டம் எவ்வளவு வசதியானது என்று அன்றுதான் தெரிந்தது. போனை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இதற்குச் சீல் எதற்கு என்று தோன்றியது. முதலாளி எதற்கு? நான் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன், நாலு விழவில்லை, மூன்று மட்டும் விழுந்தது. முன்பு நான் எழுதிய சீட்டு தவறு. இவ்வளவுதான். வெள்ளைத்தாள், என் பெயர், என் கையெழுத்து. வெள்ளிக்கிழமையே ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஐந்து நாள் எடை போட்டவனுக்கு, எடை போடவே தேவையில்லாத ஒரு காரியம் அது என்பது வாயில் நுரையோடு நிற்கும்போதுதான் புரிந்தது.

எழுதினேன். எழுதும்போது ஒரு பயமும் வரவில்லை. அதுதான் கொடுமை. அவ்வளவு நாள் எதைப் பார்த்துப் பயந்தேனோ அது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அவள் போன் அணைந்திருந்தது. கம்பெனி ஆபீசில் விசாரித்தேன். திங்கட்கிழமையே அனுப்பிவிட்டோம் என்றார்கள். கடிதம் இருக்கிறது என்றேன். அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று, டாக்டர் வெளியூர், நீங்கள் யார் என்றார்கள். வீட்டைத் தேடிப் போனால், நாமகிரிப்பேட்டையைத் தாண்டி ஒரு பண்ணைக்கு வழி சொன்னார்கள். அவள் சுற்றிய ஆறில் அதுவும் ஒன்று. மறுபடி முட்டை பொறுக்கப் போய்விட்டாள்.

பண்ணை கேட்டில், முதுகில் மருந்துத் தெளிப்பானைக் கட்டிய ஒரு பெரியவர் நின்றிருந்தார். காலையில் உள்ளே போன ஆள் சாயங்காலம்தான் வெளியே வரலாம், வேண்டுமானால் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசலாம் என்றார். நான் ஒரு எட்டு முன்னே வைத்ததும் குழாயைத் திருப்பினார். செருப்பு, கால்சட்டை, பிறகு கை. கையில் கடிதம் இருந்தது.

"பேப்பருங்க அது" என்றேன்.

"எதா இருந்தாலும் அடிச்சுத்தான் ஆவோணும் சாமி. கேட்டுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

புகைபோல மெல்லிய தூறல். குளிர்ச்சியாக இருந்தது. என் கையெழுத்து நீலமாகக் கசிந்து கீழ்வரியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வாசல்தான். நாளுக்கு மூன்று முறை அவள் நின்ற வாசல். அன்றைக்கு அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டிய ஒற்றைக் கேள்வி இங்கேதான், என் கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருந்தது.

பூங்கொடி வந்தாள். தலையில் துண்டு, கையில் முட்டை அட்டைகளின் அடுக்கு. கம்பி வழியாகக் கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். படிக்க முடிந்ததா என்று தெரியவில்லை. நாலாக மடித்து என்னிடமே தந்தாள்.

"இருக்கட்டுங்கண்ணா. இங்க சேர்றதுக்குப் பேப்பர் கேக்கலீங்க."

அந்தப் பொருளை என்ன செய்தாய் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டேன்.

"எம் பொண்ணு பாட்டுப் பாக்கறா. பலகையக் கழட்டிட்டா அது நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். "நீங்க சொன்ன மாதிரி பலகைதான் நோஞ்சான்."

"நான் கம்பெனிக்கு மறுபடி போறேம்மா. டாக்டரை நேர்ல பாத்து..."

"வேண்டாமுங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். உள்ளே கொட்டகையிலிருந்து யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அட்டைகளை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு திரும்பினாள். இரண்டு எட்டு வைத்து நின்றாள்.

நான் கடையை விட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டாக்டரை நான் போய்ப் பார்க்கத்தான் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. எதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று இந்தத் தாளின் முன் உட்கார்ந்து மறுபடி எடை போட்டுக்கொண்டிருக்கிறேன், பாருங்கள். ஆகவே நிறுத்துகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, திரும்பிப் பார்க்காமல் அவள் சொன்னதை மட்டும் தருகிறேன்.

"போன் பண்றேன்னீங்களேன்னு, திங்கக்கெழம உள்ள கூப்புடற வரைக்கும் போனக் கையிலயே வெச்சிருந்தனுங்கண்ணா. செரி, வாரேன்."